ஆன்சிபிள் வழியாகச் செஃப் கிளையன்ட்களை இணைப்பது எப்படி?

கேள்வி இது: பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் மென்பொருளில், அதன் நிறுவல் கருவியான செஃப்ஏடிஎம் கொண்டு நிறுவிய கிளஸ்டர் ஒன்று இருக்கிறது, அதன் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர்கள் மூன்று. சுமார் 40 லினக்ஸ் சர்வர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். சிலவற்றுக்கு ஆர்பிடி (செஃப் தரும் மெய்நிகர் டிஸ்க்), சிலவற்றுக்குச் செஃப்எஃப்எஸ் (பகிர்ந்த ஃபைல்சிஸ்டம்) மவுண்ட். இப்போது ஒவ்வொரு சர்வரிலும் கான்ஃப் கோப்பையும் அட்மின் கீரிங்கையும் (சாவிக் கோப்பு) கையால் நகலெடுத்து வைக்கிறார்கள். பல சர்வர்களில் வேலைகளைத் தானாகச் செய்யும் ஆன்சிபிள் கருவிக்கு இதையே ஒரு பிளேபுக்காக (வேலைகளின் பட்டியல்) எழுதிவிட்டால் போதுமா?

போதாது. அட்மின் கீரிங் என்பது மானிட்டர், ஓஎஸ்டி (தரவைச் சேமிக்கும் சேவை), எம்டிஎஸ் (செஃப்எஃப்எஸ்ஸின் கோப்புப் பெயர்களையும் பாதைகளையும் கவனிக்கும் சேவை), மேனேஜர் என எல்லாவற்றின் மீதும் முழு அதிகாரம் உள்ள சாவி. பூலை (தரவைப் பிரித்து வைக்கும் தொகுதி) அழிக்கவிடாமல் தடுக்கும் செட்டிங் இயல்பாகவே இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்தச் சாவி கையில் இருப்பவர் முதலில் செட்டிங்கை மாற்றுவார், பிறகு பூலை அழிப்பார். 40 சர்வரில் ஏதோ ஒன்றில் ஒருவர் ரூட் ஆகிவிட்டாலும் கிளஸ்டர் முழுவதும் அவர் வசம். எனவே பிளேபுக் எழுதுவதற்கு முன் வேலையின் வரையறையை மாற்றிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கிளையன்டுக்கும் தனிப் பெயர், அந்தப் பெயருக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி, இரண்டும் கிளஸ்டர் பக்கம் உருவாகி, சாவி மட்டும் கிளையன்டுக்குப் போக வேண்டும். கோப்பை நகலெடுப்பது இதில் கடைசியில் வரும் சின்ன வேலை.

செஃப்ஏடிஎம்மிலேயே கீரிங் விநியோகம் இருக்கிறதே என்று கேட்கலாம். 'செஃப் ஆர்க் கிளையன்ட்-கீரிங் செட்' என்ற கட்டளை கொடுத்தால், குறிப்பிட்ட லேபிள் உள்ள ஹோஸ்ட்களில் கீரிங்கை அதுவே வைத்துப் பராமரிக்கும். ஆனால் அந்த ஹோஸ்ட்கள் கிளஸ்டரை நிர்வகிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது கிளஸ்டருக்கு அவற்றில் எஸ்எஸ்எச் வழியாக நிர்வாக அனுமதி, பைத்தான், கன்டெய்னர் எஞ்சின் எல்லாம் வேண்டும். வெறும் கிளையன்டாக இருக்கும் டேட்டாபேஸ் சர்வரை இதற்காகச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செஃப்ஏடிஎம்-ஆன்சிபிள் தொகுப்பில் கிளையன்ட்களுக்கென்றே ஒரு பிளேபுக் உண்டு. எஃப்எஸ்ஐடி (கிளஸ்டரின் அடையாள எண்), கிளையன்ட் குழுவின் பெயர், கீரிங் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் கான்ஃப் கோப்பையும் கீரிங்கையும் வைத்துவிடும். ஒரு ஓட்டத்தில் குழு முழுவதற்கும் ஒரே கீரிங் போகும் என்பதால், தனித்தனிப் பெயர் வேண்டுமென்றால் அது பொருந்தாது. ஆனால் அதே தொகுப்பின் பிரீஃப்ளைட் பிளேபுக்கைக் கிளையன்ட் குழுவுக்கு மட்டும் வரம்பிட்டு ஓட்டினால் கிளையன்ட் கட்டளைகள் அடங்கிய செஃப்-காமன் பேக்கேஜும், கடிகாரத்தை ஒத்திசைக்கும் குரோனியும் நிறுவப்படும். அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மீதியைச் சொந்தமாக ஒரு ரோலாக எழுதிக்கொள்வதே நல்லது.

முதலில் நெட்வொர்க். பாதிப் புகார்கள் இங்கிருந்துதான் வருகின்றன. செஃப்பில் கிளையன்டுக்கும் தரவுக்கும் நடுவே எந்த வாசல் சர்வரும் கிடையாது. கிளையன்ட் மானிட்டரிடம் போய் கிளஸ்டரின் வரைபடத்தை வாங்குகிறது. எந்த ஆப்ஜெக்ட் (தரவுத் துண்டு) எந்த ஓஎஸ்டியில் இருக்கும் என்பதைக் க்ரஷ் முறையில் தானே கணக்கிட்டு, அந்த ஓஎஸ்டியுடன் நேராகப் பேசுகிறது. ஆகவே ஒவ்வொரு கிளையன்டிலிருந்தும் ஒவ்வொரு மானிட்டருக்கும் 3300, 6789 போர்ட்களும், ஓஎஸ்டி, எம்டிஎஸ், மேனேஜர் இருக்கும் எல்லா ஹோஸ்ட்களுக்கும் 6800-லிருந்து தொடங்கும் வரம்பும் திறந்திருக்க வேண்டும். இந்த வரம்பு பழைய வெளியீடுகளில் 7300 வரை இருந்தது, புதியவற்றில் 7568 வரை. கிளஸ்டரை மேம்படுத்தியவர்கள் ஃபயர்வால் விதியை 7300-லேயே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கிளஸ்டர் நெட்வொர்க் தனியாக இருந்தால் அதைக் கிளையன்டுக்குத் திறக்க வேண்டியதில்லை. அது ஓஎஸ்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும்.

மானிட்டர் போர்ட் திறந்து ஓஎஸ்டி போர்ட் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பது முக்கியம். 'செஃப் -எஸ்' அழகாகப் பதில் சொல்லும், ஹெல்த் ஓகே என்றுகூட வரும். 'ஆர்பிடி எல்எஸ்' போட்டதும் எந்தப் பிழையும் காட்டாமல் அப்படியே தொங்கி நிற்கும். காரணம், முதல் கேள்விக்குப் பதில் மானிட்டரிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு ஓஎஸ்டியில் உள்ள ஆப்ஜெக்டைப் படிக்க வேண்டும். இன்னும் குழப்பமானது, சில ஓஎஸ்டி ஹோஸ்ட்கள் மட்டும் எட்டாமல் இருப்பது. அப்போது சில இமேஜ்கள் வேலை செய்யும், சில தொங்கும். எனவே பிளேபுக்கின் முதல் டாஸ்க்காக, வெயிட்_ஃபார் மாட்யூல் கொண்டு மூன்று மானிட்டர்களையும், 'செஃப் ஓஎஸ்டி டம்ப்' தரும் முகவரிகளில் ஹோஸ்டுக்கு ஒன்றையாவது கிளையன்டிலிருந்தே சோதியுங்கள். டைம்அவுட் 5 விநாடி போதும்.

எம்டியு (ஒரு நெட்வொர்க் பாக்கெட்டின் உச்ச அளவு) பொருந்தாததும் இதே மாதிரிதான் தெரியும்: சின்னச் செய்திகள் போகும், பெரிய அளவில் எழுதினால் நின்றுவிடும். மவுண்ட் ஆகும், கோப்புப் பெயர்கள் தெரியும், பெரிய கோப்பைப் படித்தால் நிற்கும். 9000 எம்டியு வைத்திருந்தால், துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்துடன் 8972 பைட் அளவுக்குப் பிங் அனுப்பிப் பாருங்கள்; 28 பைட் ஹெடர் சேர்ந்து 9000 ஆகும். இதையும் ஒரு டாஸ்க்காகவே எழுதி வைக்கலாம்.

நேரம் பற்றி ஒரு வரி. செஃப்பின் அங்கீகார முறையான செஃப்எக்ஸ் தரும் டிக்கெட்டுகளுக்குக் காலாவதி உண்டு. கிளையன்டின் கடிகாரம் மணிக்கணக்கில் தள்ளிப் போயிருந்தால், சாவி சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படும். குரோனியை நிறுவுவதுடன் விடாமல், ஒத்திசைந்துவிட்டதா என்றும் பிளேபுக் பார்க்கட்டும்.

அடுத்து பேக்கேஜ். டிஸ்ட்ரிபியூஷன் தரும் செஃப்-காமன் பழையதாக இருக்கலாம். டெபியன் 12-இல் வருவது பசிஃபிக் 16.2, உபுன்டு 22.04-இல் குயின்சி 17.2. கிளஸ்டர் ரீஃப் 18 அல்லது ஸ்க்விட் 19 என்றாலும் பழைய கிளையன்ட் பெரும்பாலும் இணைந்துவிடும். ஆனால் 2021-இல் அங்கீகாரத்தில் இருந்த குளோபல் ஐடி குறைபாடு ஒன்று சரிசெய்யப்பட்டது, 14.2.20, 15.2.11, 16.2.1 ஆகியவற்றில் திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய கிளையன்ட்கள், பாதுகாப்பற்ற முறையை மூடிவிட்ட கிளஸ்டரில் நிலைத்து நிற்க மாட்டா. இணைந்திருக்கும் கிளையன்ட்கள் எந்தத் தலைமுறை வசதிகளைக் கொண்டவை, எத்தனை என்பதை 'செஃப் ஃபீச்சர்ஸ்' சொல்லும், துல்லியமான பதிப்பைச் சொல்லாது. செஃப் திட்டத்தின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தைச் சேர்த்து, பதிப்பை ஒரு மாறியில் பூட்டி வையுங்கள்.

கர்னல் கிளையன்ட் தனிக் கணக்கு. ஆர்பிடி மேப்பும் செஃப்எஃப்எஸ் கர்னல் மவுண்டும் செஃப்-காமன் பதிப்பைப் பார்ப்பதில்லை, ஓடும் கர்னலைத்தான் பார்க்கின்றன. ஓஎஸ்டிகளுக்குள் தரவைச் சமமாகப் பங்கிடும் பேலன்சர் அப்மேப் முறையில் ஓடினால் கர்னல் 4.13-ஆவது வேண்டும். ஆப்ஜெக்ட்-மேப், ஃபாஸ்ட்-டிஃப் வசதிகள் உள்ள இமேஜை மேப் செய்ய 5.3, புதிய மெசெஞ்சர் நெறிமுறையில் பேச 5.11. ரெட் ஹேட் வகைக் கர்னல்களில் வசதிகள் பின்னோக்கிச் சேர்க்கப்படுவதால் அங்கே எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. மேப் செய்துதான் பார்க்க வேண்டும். ஜர்னலிங் வசதி உள்ள இமேஜை எந்தக் கர்னலும் மேப் செய்யாது.

கான்ஃப் கோப்பை டெம்ப்ளேட்டாக எழுதாதீர்கள். 'செஃப் கான்ஃபிக் ஜெனரேட்-மினிமல்-கான்ஃப்' என்ற கட்டளையே எஃப்எஸ்ஐடியும் மான்_ஹோஸ்ட் வரியும் மட்டும் கொண்ட கோப்பைத் தரும். கிளையன்டுக்கு அது போதும். மிமிக் வெளியீடு முதல் மற்ற செட்டிங்குகள் மானிட்டரின் டேட்டாபேஸில் இருக்கின்றன, கிளையன்ட் இணையும்போது வாங்கிக்கொள்கிறது. 40 சர்வரில் ஒரு கேஷ் அளவை மாற்ற 40 கோப்புகளைத் திருத்த வேண்டாம், 'செஃப் கான்ஃபிக் செட் கிளையன்ட்' என்று ஒரு இடத்தில் மாற்றினால் போதும். மானிட்டரின் ஐபி மாறினால் மட்டும் இந்த டாஸ்க்கை எல்லாருக்கும் மறுபடி ஓட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிளையன்ட் புதிய மானிட்டர் பட்டியலைத் தானே தெரிந்துகொள்ளும், ஆனால் அடுத்த ரீபூட்டில் பழைய கோப்பைத்தான் படிக்கும். இதனால் மூன்று மானிட்டர்களையும் மாற்றிவிட்டு எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். மாதங்கள் கழித்து கர்னல் அப்டேட்டுக்கு ரீபூட் செய்த அன்று ஒரு சர்வரும் மவுண்ட் ஆகாது.

இப்போது முக்கியமான பகுதி, அனுமதி. ஆர்பிடி கிளையன்டுக்கு எழுத வேண்டியது: மான் "புரொஃபைல் ஆர்பிடி", ஓஎஸ்டி "புரொஃபைல் ஆர்பிடி பூல்=டிபி", மேனேஜர் "புரொஃபைல் ஆர்பிடி பூல்=டிபி". இதில் பூல்= என்ற பகுதியை விட்டால் எல்லா பூலுக்கும் அனுமதி போய்விடும். பழைய குறிப்புகளைப் பார்த்து மானுக்கு "அலவ் ஆர்" என்று மட்டும் கொடுப்பவர்கள் இன்னும் நிறைய. அது இயல்பு நாளில் வேலை செய்யும். இமேஜை (ஓர் ஆர்பிடி டிஸ்க்) எக்ஸ்க்ளூசிவ்-லாக்குடன் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதும் பூட்டு) திறந்து வைத்திருந்த ஹோஸ்ட் திடீரென்று இறந்தால்தான் பிரச்சினை வரும். இன்னொரு ஹோஸ்ட் அந்த லாக்கை எடுக்க வேண்டுமென்றால், இறந்த கிளையன்டை முதலில் பிளாக்லிஸ்டில் போட வேண்டும். பிளாக்லிஸ்டில் போட மானிட்டரின் அனுமதி வேண்டும். "அலவ் ஆர்"-இல் அது இல்லை, "புரொஃபைல் ஆர்பிடி"-இல் இருக்கிறது. விளைவு: விர்ச்சுவல் மெஷின் புதிய ஹோஸ்டில் எழும், டிஸ்க்கில் எழுத முடியாமல் நிற்கும். லூமினஸுக்கு மேம்படுத்திய காலத்தில் பலருக்கு நேர்ந்தது இதுதான். ஏற்கெனவே இருக்கும் பெயர்களின் அனுமதியை 'செஃப் ஆத் எல்எஸ்' போட்டுப் பார்த்து, இப்படி இருப்பவற்றை இன்றே திருத்துங்கள்.

செஃப்எஃப்எஸ்ஸுக்கு 'செஃப் எஃப்எஸ் ஆத்தரைஸ்' கட்டளையில் ஃபைல்சிஸ்டத்தின் பெயர், கிளையன்ட் பெயர், டைரக்டரி, ஆர்டபிள்யூ என்று கொடுத்தால் மூன்று பகுதி அனுமதியையும் அதுவே எழுதும். கோட்டாவோ லேஅவுட்டோ மாற்ற வேண்டிய கிளையன்டுக்கு மட்டும் 'பி', ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டியதற்கு மட்டும் 'எஸ்' சேருங்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதையை வைத்துக் கட்டுப்படுத்துவது எம்டிஎஸ் மட்டும்தான். ஓஎஸ்டி பக்க அனுமதி அந்த ஃபைல்சிஸ்டத்தின் டேட்டா பூல் முழுவதற்கும் போகிறது. /வெப் டைரக்டரிக்கு மட்டும் அனுமதி பெற்ற கிளையன்ட், ராடோஸ் கருவியால் அதே பூலில் உள்ள மற்ற டைரக்டரிகளின் ஆப்ஜெக்ட்களை நேராகப் படிக்க முடியும். ஆப்ஜெக்டின் பெயர் ஐநோடு எண்ணும் துண்டு எண்ணும்தான், கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒருவரை ஒருவர் நம்பாத குழுக்கள் ஒரே ஃபைல்சிஸ்டத்தைப் பகிர்ந்தால் பூல் நேம்ஸ்பேஸ் (பூலுக்குள் தனிப் பிரிவு) அவசியம். அதற்கு எளிய வழி சப்வால்யூம்: உருவாக்கும்போது நேம்ஸ்பேஸ்-ஐசோலேட்டட் என்ற விருப்பத்தைக் கொடுத்து, அனுமதியை 'செஃப் எஃப்எஸ் சப்வால்யூம் ஆத்தரைஸ்' வழியாகக் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள டைரக்டரிக்கு லேஅவுட்டில் நேம்ஸ்பேஸ் போடலாம், ஆனால் அது இனி உருவாகும் கோப்புகளுக்கு மட்டும். பழைய கோப்புகளை நகலெடுத்து மாற்றினால்தான் அவை உள்ளே வரும்.

இதையெல்லாம் ஆன்சிபிளில் எழுதும் முறை. ஒவ்வொரு கிளையன்டின் பெயரும் அனுமதிகளும் இன்வென்டரியில் (ஆன்சிபிளின் சர்வர் பட்டியல்) இருக்கட்டும். ஹோஸ்ட் பெயரையே கிளையன்ட் பெயராக வைத்தால் பின்னால் தேடுவது சுலபம். சாவி உருவாக்கும் டாஸ்க்கை டெலிகேட்_டு மூலம் அட்மின் ஹோஸ்டுக்கு அனுப்புங்கள். பெயர் ஹோஸ்டுக்கு ஒன்று என்பதால் ரன்_ஒன்ஸ் போடக் கூடாது. கான்ஃப் கோப்பை வாங்கும் டாஸ்க்குக்கு மட்டும் போடலாம். அட்மின் ஹோஸ்டில் 'செஃப்ஏடிஎம் ஷெல்' வழியாக ஓட்டினால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கன்டெய்னர் எழுந்து அடங்கும். 40 ஹோஸ்டுக்கு மூன்று கட்டளை என்றால் காத்திருப்பு எரிச்சல் தரும். அங்கே செஃப்-காமன் நிறுவி நேராக ஓட்டுவது மேல். எல்லாச் செஃப் கட்டளைகளுக்கும் கனெக்ட்-டைம்அவுட் 10 என்று சேருங்கள். இல்லையென்றால் மானிட்டர் எட்டாதபோது ஒவ்வொன்றும் 300 விநாடி தொங்கும்.

'செஃப் ஆத் கெட்-ஆர்-கிரியேட்' திரும்பத் திரும்ப ஓட்டத் தகுந்தது போலத் தெரியும், பாதிதான் உண்மை. அதே பெயர் அதே அனுமதியுடன் இருந்தால் சாவியைத் தரும். அனுமதியில் சின்ன வித்தியாசம் இருந்தாலும், சாவி இருக்கிறது ஆனால் அனுமதி பொருந்தவில்லை என்று ஈஇன்வால் பிழையுடன் நிற்கும். திருத்த 'செஃப் ஆத் கேப்ஸ்' வேண்டும். அந்தக் கட்டளை சேர்ப்பதில்லை, முழுவதையும் மாற்றி எழுதுகிறது. ஓஎஸ்டி பகுதியை மட்டும் கொடுத்தால் மான் அனுமதி போய்விடும், கிளையன்ட் உள்ளேயே வர முடியாது. எனவே டாஸ்க்குகளை இப்படி அடுக்குங்கள்: முதலில் 'செஃப் ஆத் கெட்' போட்டு ஜேசனாக வாங்குங்கள், இல்லையென்று வந்தால் உருவாக்குங்கள், இருந்து, அனுமதி இன்வென்டரியோடு ஒத்துப்போகவில்லை என்றால், எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கேப்ஸ் கட்டளை கொடுங்கள். ஒத்துப்போனால் எதையும் தொடாதீர்கள். படிக்கும் டாஸ்க்கில் சேஞ்ச்டு_வென் ஃபால்ஸ், செக்_மோட் ஃபால்ஸ் இரண்டும் வேண்டும். இரண்டாவதை மறந்தால், மாற்றமின்றி ஒத்திகை பார்க்கும் ஓட்டத்தில் அந்த டாஸ்க் தவிர்க்கப்பட்டு, அதன் வெளியீட்டை நம்பியிருக்கும் அடுத்த டாஸ்க் உடைந்துபோகும். செஃப்-ஆன்சிபிள் தொகுப்பில் செஃப்_கீ என்ற மாட்யூல் இருக்கிறது, எழுதும் முறைக்கு அதைப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பு புதிய ஆர்க்கெஸ்ட்ரேட்டரோடு இணையவில்லை. செஃப்ஏடிஎம் கிளஸ்டரில் அதை முழுதாக ஓட்டாதீர்கள்.

சாவி கடந்துபோகும் எல்லா டாஸ்க்கிலும் நோ_லாக் ட்ரூ போடுங்கள், கோப்பை எழுதும் டாஸ்க் உட்பட. அது இல்லாமல் டிஃப் விருப்பத்துடன் ஓட்டினால் சாவி திரையிலும், ஏடபிள்யூஎக்ஸ் போன்றவற்றின் ஜாப் பதிவிலும் அப்படியே தங்கும். சாவியை செட்_ஃபேக்ட் மூலம் கேஷ் செய்யவும் கூடாது. ஒருமுறை எடுத்து கிட் களஞ்சியத்தில் போட்டு வைக்கவும் தேவையில்லை. உண்மையான இருப்பிடம் மானிட்டரின் டேட்டாபேஸ், ஒவ்வொரு ஓட்டத்திலும் அங்கிருந்தே வாங்கலாம். கிளையன்டில் கோப்பு 0600, ரூட்டுக்குச் சொந்தம். ரூட் அல்லாத செயலி நேராக லிப்ஆர்பிடி வழியாகப் பேசினால் மட்டும் அதன் குரூப்புடன் 0640.

கோப்பின் பெயர் முக்கியம். 'செஃப்' கட்டளை பெயர் சொல்லாவிட்டால் கிளையன்ட்.அட்மின் என்றே எடுத்துக்கொண்டு அட்மின் கீரிங்கைத் தேடும். உங்கள் கோப்பு செஃப்.கிளையன்ட்.டிபி01.கீரிங் என்று இருக்க வேண்டும், கட்டளையில் 'ஐடி டிபி01' என்று கொடுக்க வேண்டும், ஐடியில் 'கிளையன்ட்.' என்ற முன்னொட்டு சேர்க்கக் கூடாது. இங்கே தவறினால் வரும் வரியை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும்: "ஹேண்டில்_ஆத்_பேட்_மெத்தட் சர்வர் அலவ்டு_மெத்தட்ஸ் [2] பட் ஐ ஒன்லி சப்போர்ட் [1]". 2 என்பது செஃப்எக்ஸ், 1 என்பது அங்கீகாரம் இல்லாத முறை. கிளையன்ட் 1 மட்டும் தெரியும் என்கிறது என்றால் அதற்குக் கீரிங்கே கிடைக்கவில்லை: பெயர் தவறு, இடம் தவறு, அல்லது படிக்க அனுமதி இல்லை. அதே வரியின் கடைசியில் 2 இருந்தால் கீரிங் கிடைத்திருக்கிறது, உள்ளே இருக்கும் சாவி தவறு. பெயரை அழித்து மறுபடி உருவாக்கினால் சாவி மாறிவிடும், கிளையன்டில் பழையது தங்கியிருக்கும். இந்த ஒற்றை எண்ணைப் பார்க்கத் தெரிந்தால் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

சாவி வைத்ததும், மவுண்டுக்கு முன், அந்தப் பெயரிலேயே இரண்டு சோதனைகள் ஓடட்டும். தனது பூலில் 'ஆர்பிடி எல்எஸ்' வெற்றி பெற வேண்டும். வேறொரு பூலில் அதே கட்டளை தோல்வி அடைய வேண்டும். அங்கே வெற்றி பெற்றால் பிளேபுக் நிற்க வேண்டும். இரண்டாவது சோதனையை யாரும் எழுதுவதில்லை. அனுமதி அதிகமாகப் போயிருப்பதை வேறு எதுவும் உங்களுக்குச் சொல்லாது, ஏனென்றால் எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஆர்பிடி மேப்புக்கு, செஃப்-காமனோடு வரும் ஆர்பிடிமேப் சர்வீஸைப் பயன்படுத்துங்கள். அதன் கோப்பில் ஒரு வரி: பூல்/இமேஜ், பிறகு ஐடியும் கீரிங் பாதையும். எஃப்எஸ்டேப்பில் நோஆட்டோ போடுங்கள். மேப் ஆனபின் மவுண்ட் செய்வதும் நிறுத்தும்போது அவிழ்ப்பதும் அந்தச் சர்வீஸின் வேலை. டிவைஸை ஆர்பிடி0 என்று குறிக்க வேண்டாம், ரீபூட்டில் எண் மாறும். பூல் பெயரும் இமேஜ் பெயரும் கொண்ட பாதையை யூடெவ் விதி உருவாக்கித் தரும், அதைப் பயன்படுத்துங்கள்.

ஆட்டோமேஷனில் மிகவும் ஆபத்தான இடம் இங்கேதான். இமேஜ் பெயரைக் குரூப் மாறியில் வைத்துவிட்டால், ஒரே எக்ஸ்எஃப்எஸ் இமேஜ் குழுவில் உள்ள எல்லா ஹோஸ்டிலும் மேப் ஆகி மவுண்ட் ஆகும். ஃபைல்சிஸ்டம் நாசமாகும், மீட்க முடியாமல் போகலாம். எக்ஸ்க்ளூசிவ்-லாக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்: அது இயல்பில் கேட்டவருக்கு லாக்கை விட்டுக்கொடுக்கும், இரண்டு ஹோஸ்டும் மாறி மாறி எழுதும். மேப் செய்யும்போது 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் விட்டுக்கொடுக்காது. பிளேபுக்கின் தொடக்கத்திலேயே அசெர்ட் மாட்யூல் கொண்டு, எல்லா ஹோஸ்ட்களின் இமேஜ் பெயர்களையும் சேர்த்து, ஒன்று இரண்டு முறை வந்தால் நிறுத்துங்கள். ஃபைல்சிஸ்டம் உருவாக்கும் மாட்யூலில் ஃபோர்ஸ் ட்ரூ எக்காலத்திலும் வேண்டாம். அது இல்லாதவரை ஏற்கெனவே உள்ள ஃபைல்சிஸ்டத்தை அந்த மாட்யூல் அழிக்காது.

செஃப்எஃப்எஸ் மவுண்டுக்கு இரண்டு எழுத்துமுறைகள் உள்ளன. பழையதில் மானிட்டர் முகவரிகள் முன்னால் வரும். குயின்சியுடன் வந்த புதியதில் பெயர், அட் குறி, எஃப்எஸ்ஐடி, புள்ளி, ஃபைல்சிஸ்டம் பெயர், சமக்குறி, பாதை என்று வரும். எஃப்எஸ்ஐடியை விட்டால் கான்ஃப் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மவுண்ட் கருவியே கீரிங்கைத் தேடிக்கொள்வதால் சீக்ரெட்ஃபைல் தேவையில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கோப்பில் சாவி மட்டும் இருக்க வேண்டும். முழுக் கீரிங்கையும் கொடுத்தால் பேஸ்64 செல்லாது என்று நிற்கும். எம்எஸ்_மோட் என்ற விருப்பத்தைச் சொல்லாவிட்டால் கர்னல் பழைய நெறிமுறையிலேயே பேசும். அப்போது 3300 போர்ட்டுக்குப் போனால் டிமெசேஜில் "சாக்கெட் க்ளோஸ்டு" வரிகள் நிரம்பும், மவுண்ட் 110 என்ற டைம்அவுட் பிழையுடன் முடியும். 3300 என்றால் எம்எஸ்_மோட்=பிரிஃபர்-சிஆர்சி, அல்லது குறியாக்கம் வேண்டுமானால் செக்யூர்; இல்லையென்றால் 6789. பிழை 13 வந்தால் சாவி அல்லது அனுமதி. எம்டிஎஸ் இல்லை என்று சொன்னால், உண்மையில் எம்டிஎஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து அனுமதியில் உள்ள ஃபைல்சிஸ்டம் பெயரைப் பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் இதே செய்திதான் வரும். எஃப்எஸ்டேப்பில் _நெட்டெவ் கட்டாயம், இல்லையென்றால் நெட்வொர்க் எழுவதற்கு முன் மவுண்ட் முயன்று பூட் சிக்கும்.

மவுண்ட் மாட்யூலில் ஸ்டேட் மவுண்டட் என்று வைத்தால், ஒரு விருப்பத்தை மாற்றிய அடுத்த ஓட்டத்தில் அது ரீமவுண்ட் முயலும், முடியாவிட்டால் அவிழ்த்து மறுபடி மாட்டப் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அது வேண்டாம். முதல்முறை மவுண்டட், பிறகு பிரசென்ட் என்று பிரித்து, விருப்ப மாற்றத்தைப் பராமரிப்பு நேரத்துக்கு விடுங்கள். முதல் ஓட்டத்துக்கு சீரியல் 1, 5, 30% என்று படிப்படியாக, மேக்ஸ்_ஃபெயில்_பர்சன்டேஜ் 0 வைத்துப் போங்கள். முதல் ஹோஸ்டிலேயே ஃபயர்வால் தவறு தெரிந்துவிடும்.

கடைசியாக, சேர்க்கும் பிளேபுக்கோடு சேர்த்தே நீக்கும் பிளேபுக்கையும் எழுதுங்கள். வரிசை முக்கியம்: முதலில் கிளையன்டில் அன்மவுண்ட், அன்மேப், பிறகு 'ஆர்பிடி ஸ்டேட்டஸ்' போட்டு அந்த இமேஜில் வாட்ச்சர் யாரும் இல்லை என்று உறுதி, பிறகு 'செஃப் ஆத் ஆர்எம்', பிறகு கீரிங் கோப்பை அழித்தல். சாவியை நீக்கினால் இணைப்பு அந்த நொடியே அறுந்துவிடாது. கையில் இருக்கும் டிக்கெட் காலாவதியாகும் வரை கிளையன்ட் பேசிக்கொண்டிருக்கலாம். சர்வீஸ் டிக்கெட்டின் இயல்பான ஆயுள் ஒரு மணி நேரம். சர்வர் வேறொருவர் கைக்குப் போய்விட்டது, உடனே துண்டிக்க வேண்டும் என்றால் சாவியை நீக்கியதும் 'செஃப் ஓஎஸ்டி பிளாக்லிஸ்ட் ஆட்' கட்டளையில் அதன் முகவரியைப் போடுங்கள், செஃப்எஃப்எஸ் என்றால் எம்டிஎஸ்ஸிலிருந்தும் எவிக்ட் செய்யுங்கள். பிளாக்லிஸ்ட் இயல்பாக 3600 விநாடியில் தானே விலகிவிடும். சாவியை நீக்காமல் பிளாக்லிஸ்ட் மட்டும் போட்டிருந்தால், ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கிளையன்ட் மறுபடி உள்ளே வந்து நிற்கும்.